இழையக்காவின் மூலையும் வாலனின் வாலும்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் இளைய மகள் பெனிட்டா. போன வருஷம் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, ஆப்ப மாவில் ஈஸ்ட் போட்டு மூடி வைத்தபோது, "அம்மா, அதுக்குள்ள என்ன நடக்குன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னது பாடம். என் மண்டையில் ஏறியது இந்தக் கதை.

ஓர் ஊரில் என்று சொல்ல முடியாது. கண்ணுக்கே தெரியாத ஓர் ஈஸ்ட் செல்லுக்குள், வாலன் என்று ஒரு புரதம் பிறந்தான். உடம்பு சின்னது, கெட்டியான உருண்டை. வால் மட்டும் நீளம். வெந்த சேமியா மாதிரி, தூக்கினால் தொங்கும், விட்டால் சரியும். அதற்கென்று ஓர் உருவமே கிடையாது.

அந்தச் செல்லில் ரைபோசோம் என்ற ஆலைகள் உண்டு. புரதங்கள் பிறப்பது அங்கேதான். அந்த ஆலையைக் கட்டவும் புரதம்தான் வேண்டும். நடு அறையில் ஆர்.என்.ஏ. என்ற நீண்ட இழை மடிந்து மடிந்து ஆலையாக உருவெடுக்கும்போது, எண்பது பேர் போல ஆளுக்கோர் இடத்தில் போய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாலனுக்கும் அதில் ஓர் இடம் இருந்தது.

இடம் சேராதவர்களுக்கு ஒரே கதிதான். பீப்பாய் வரும். வெளியே பார்த்தால் சாதுவான பீப்பாய், உள்ளே கத்தி. சும்மா நிற்கிறவர்களை இழுத்துத் துண்டுதுண்டாக்கி, அடுத்த புரதங்களைச் செய்யக் கொடுத்துவிடும். ஆனால் அதற்குக் கோபமே வராது. அத்தனை மரியாதை.

"தம்பி, தப்பா நினைக்கக் கூடாது. இடம் ஆயிட்டா?" என்று வாலனைக் கேட்டது.

"போய்க்கிட்டே இருக்கேன்."

"மெதுவாப் போங்க. நான் எங்க போகப் போறேன்."

வாலுள்ள புரதத்தைத் தனியே அனுப்புவது அங்கே வழக்கமில்லை. பிறந்தவுடனே வழித்துணைக்கென்று ஓர் அண்ணாச்சிப் புரதம் வந்து வாலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்வார். அந்த வாலுக்கு எந்த இழையைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணம். அதனால்தான் இந்த ஏற்பாடு. வாலனுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

"விடுங்க அண்ணாச்சி. எல்லாரும் பாக்காங்க. நானே பிடிச்சுக்கிடுவேன்" என்று வாலை உருவிக்கொண்டான்.

நாலு எட்டு வைக்கவில்லை. எதிரே சேதி கொண்டு போகும் இழை ஒருத்தி வேகமாக வந்தாள். வால் போய்ப் பசை மாதிரி அவள்மேல் ஒட்டிக்கொண்டது.

"யாருப்பா இது? விடு. அவசரச் சேதி கொண்டு போறேன்."

"நான் எப்பவோ விட்டுட்டேன் மதினி. அதுதான் விட மாட்டேங்குது."

அண்ணாச்சி ஓடி வந்து பிய்த்தெடுத்தார். "பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகல. மன்னிச்சிக்கிடுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வாலை மறுபடியும் சுற்றிக்கொண்டார். வாலன் இந்தத் தடவை அதை உருவவில்லை.

நடு அறையில், ஆலையாக மடிய வேண்டிய அந்த நீண்ட இழை, இழையக்கா, பரந்து கிடந்தாள். பாதிப் பேர் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலை மட்டும் அவளுக்கு மடியவே இல்லை. மடிப்பாள், அவிழும். மறுபடி மடிப்பாள், சிக்கு விழும்.

வாலனைப் பார்த்தாள். அவன் வாலையும் பார்த்தாள்.

"இது என்ன கோலம்? நானே ஒரு மூலை சரிவராம அல்லாடிக்கிட்டு இருக்கேன். போயி அந்த வாலை ஒழுங்கா மடிச்சிட்டு வா."

"நீங்க முதல்ல உங்க சிக்கை எடுங்க அக்கா. சிக்குக்குள்ள நான் எங்க உட்கார?"

"வந்ததும் வராததுமா வாயைப் பாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாலன் வாலை மடித்துப் பார்த்தான். அது சரிந்தது. சுருட்டினான். அதுவும் சரிந்தது. வாசல் பக்கம் உருளும் சத்தம் கேட்டது.

"தம்பி, இன்னும் நிக்கீங்களே. சோலி ஒண்ணும் ஆகல போல?"

வாலன் அண்ணாச்சி பக்கம் ஒண்டிக்கொண்டான். "அண்ணாச்சி, கெட்டியாப் பிடிங்க. பீப்பாய் என்னைக் கொண்டுபோயிரும்."

"நான் பிடிச்சிருக்கிற வரைக்கும் இது எங்கயும் சேராதுடே" என்றார் அண்ணாச்சி. "வழியில விடக் கூடாது, வந்த இடத்துல பிடிக்கக் கூடாது. என் வேலை இவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, அந்த மூலைக்கு நேராக வைத்துக் கையை எடுத்துவிட்டார்.

வால் வழுக்கிக்கொண்டு நேரே சிக்குக்குள் நுழைந்தது. "ஐயோ, கூசுது" என்றாள் இழையக்கா. முதலில் பிடி தளர்வாகத்தான் இருந்தது. லேசாக அசைந்தாலே நழுவியிருக்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வளைவு கொடுத்தாள். வால் அந்த வளைவுக்குத் தானும் வளைந்தது. வால் வளைந்த இடத்தில் ஒரு சிக்கு அவிழ்ந்தது. அவள் இன்னும் கொஞ்சம் திரும்பினாள். இவன் இன்னும் கொஞ்சம் உள்ளே போனான். எவ்வளவோ மடித்தும் நிற்காத மூலை நின்றது. உருவமே இல்லாத வாலுக்கு உருவம் வந்தது. யார் யாரை மடித்தார்கள் என்று அண்ணாச்சிக்கே சொல்லத் தெரியவில்லை.

பீப்பாய் உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

"இங்க வால் வச்ச ஒரு தம்பி நின்னாரே?"

"வாலா?" என்றாள் இழையக்கா. "அது என் முதுகெலும்புல்லா."

பீப்பாய் குனிந்து பார்த்தது. எது இழை, எது வால் என்று அதற்குப் பிடிபடவில்லை. "சங்கடப்படுத்திட்டேன், மன்னிக்கணும்" என்று உருண்டு போய்விட்டது.

இவ்வளவுதான் கதை. கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு ஜெபிக்கும்போது, இன்னும் இடம் கிடைக்காத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விவரமெல்லாம் வேண்டாம், பெயர் மட்டும் சொன்னால் போதும்.