எருமை உட்கார்ந்த கண்மாய்

வெள்ளந்திப்பட்டிக்காரர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

அந்த ஊர்க் கண்மாய்க்குள் கருவேல மரங்கள் நிறைய உண்டு. கார்த்திகை பிறந்தால் எங்கிருந்தோ நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து அவற்றில் கூடு கட்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்றுதான் ஊரார் அவற்றைச் சொல்வார்கள். மற்ற ஊர்களிலும் இப்படிச் சொல்வதுண்டு. அங்கெல்லாம் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெள்ளந்திப்பட்டியில் வளைகாப்பே நடத்தினார்கள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கண்ணாடி வளையல்களை நீட்டுவார்கள். நாரைகள் அலகால் வாங்கிக் கூட்டில் செருகிக்கொள்ளும்.

"ஏத்தா, கையில போட்டுக்கிற மாட்டேங்குதுகளே?"

"பத்திரப்படுத்துதுக. புகுந்த வீட்டுக்குப் போயிப் போட்டுக்கிருங்க."

இந்தக் கண்மாயின் மடையைத் திறந்து மூடுவது சோணமுத்துவின் வேலை. நீர்பாய்ச்சி என்று பெயர். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவனின் சொந்த வயல், வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் கிடந்தது. மேல்மடை வயல்கள் குடித்து, நடுமடை வயல்கள் குடித்து, மிச்சம் இருந்தால் அவனுக்கு. பெரும்பாலும் மிச்சம் என்ற சொல்தான் வந்து சேரும்.

அந்த வருஷம் ஐப்பசியில் வந்த மழை ஒரு முகூர்த்தத்துக்கு வந்த விருந்தாளி போல நின்ற காலோடு திரும்பிப் போய்விட்டது. மார்கழியில் கண்மாயில் அரைத் தண்ணீர்.

"இந்தாங்க, நெல்லு பால் பிடிக்கிற நேரம்" என்றாள் அவன் மனைவி அடைக்கம்மை. "இன்னும் ஒரு தண்ணி பாஞ்சாச் சோறு. பாயலைன்னா வைக்கோல். நான் வைக்கோலை உலையில போட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சோணமுத்து விடியற்காலை மடைக்குப் போனால், மரமெங்கும் குஞ்சுகள் அவனைப் பார்த்து வாயைத் திறக்கும். செக்கச் சிவந்த சின்ன வாய்கள். வீட்டில் ஒரு வாய், மரத்தில் ஆயிரம் வாய். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மடைப்பலகை. அவன் அதன் மேல் உட்கார்ந்து பெருமூச்சு விடுவான்.

அப்போதுதான் ஜீப்பில், கண்மாய்களைக் கவனிக்கிற சர்க்கார் ஆபீசர் அம்மா வந்து இறங்கினார்.

"பயிரும் பிழைக்கணும், பறவையும் பிழைக்கணும். ஒரு அளவு வெச்சுக்கிட்டுத் தண்ணி எடுங்க. இங்கே அளவுக்கல் ஒண்ணு நட்டிருந்தோமே, எங்கே?"

ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் சேவுகப்பெருமாள் முன்னால் வந்து கும்பிட்டார். "பத்திரமா இருக்கும்மா. தண்ணியில நின்னு நின்னு எழுத்தெல்லாம் அழிஞ்சிருமேன்னு பிடுங்கிக் கோயில் மண்டபத்துல வெச்சிருக்கோம். தெனமும் தொடைக்கிறோம்."

ஆபீசர் அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தண்ணீரில் கிடந்த ஒரு எருமையைக் காட்டினார். "சரி, கல்லு வர்ற வரைக்கும் இப்படி வெச்சுக்குங்க. கண்மாய்க்கு நடுவுல ஒரு எருமை நின்னா, அது வயித்துல தண்ணி படணும். பட்டா எடுக்கலாம். வயித்துக்குக் கீழே இறங்கிட்டா மடையை மூடிரணும். அதுக்குக் கீழே உள்ளது பறவைக்கும் மீனுக்கும்."

"அவ்வளவுதானே!" என்றது ஊர்.

ஜீப் போனதும் சபை கூடியது. எந்த எருமை என்பது முதல் கேள்வி. குட்டை எருமை வைத்தால் பறவைகளுக்கு நஷ்டம், நெட்டை எருமை வைத்தால் வயலுக்கு நஷ்டம். கடைசியில் ஆண்டிச்சாமியின் எருமை வெள்ளையம்மா தேர்வானது. கரிச்சட்டியின் அடிப்பக்கம் போல இருந்தாலும் அதன் பெயர் வெள்ளையம்மாதான்.

"ஏப்பா, சர்க்கார் வேலை. பதனமாப் பாக்கணும்" என்றார் அம்பலகாரர்.

"அது எங்க வம்சத்துலயே நேர்மையான எருமை" என்றான் ஆண்டிச்சாமி. "எங்கப்பாவைவிட நேர்மை."

மாலை போட்டு, பொட்டு வைத்து, கண்மாய் நடுவில் முளையடித்து வெள்ளையம்மாவைக் கட்டினார்கள். தண்ணீர் முதுகுவரை இருந்தது. சோணமுத்து மடையைத் திறந்தான். மேல்மடை வயல்கள் குடித்தன. நடுமடை வயல்கள் குடித்தன. தண்ணீர் அவன் வரப்பைத் தொடுவதற்குள், கண்மாயில் வெள்ளையம்மாவின் வயிறு வெளியே தெரிந்துவிட்டது. சோணமுத்து நேர்மையானவன். மடையை மூடிவிட்டு மடைப்பலகை மேலேயே உட்கார்ந்து அழுதான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். வெயில் ஏறியிருந்தது. வெள்ளையம்மாவின் கழுத்துவரை தண்ணீர்!

அவன் துண்டை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினான். "தண்ணி ஏறிருச்சு! கழுத்து வரைக்கும் ஏறிருச்சு!"

ஊரே கரைக்கு வந்தது. உண்மைதான். வெள்ளையம்மாவின் தலையும் இரண்டு கொம்பும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. எருமை கண்ணை மூடி, இந்த உலகத்தில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்பது போல அசை போட்டுக்கொண்டிருந்தது. எருமை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மழையே இல்லையே, எப்பிடி ஏறும்?" என்று ஒருவன் கேட்டான்.

அம்பலகாரர் மீசையைத் தடவினார். "பாலை அடுப்புல வெச்சா என்ன ஆகும்?"

"பொங்கும்."

"தண்ணியை வெயில்ல வெச்சா?"

சபை கன்னத்தில் போட்டுக்கொண்டது. இவ்வளவு எளிய விஷயம் இத்தனை தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது!

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. விடியற்காலை வெள்ளையம்மா நிற்கும், தண்ணீர் குறைவாக இருக்கும், மடை மூடியிருக்கும். வெயில் ஏறியதும் வெள்ளையம்மா உட்காரும், கண்மாய் பொங்கும், மடை திறக்கும். தண்ணீர் மேல்மடை வயல்களிலேயே போய்த் தேங்கியது. ஆனாலும் சட்டப்படி முதல் உரிமை மேல்மடைக்காரர்களுக்குத்தான். வாங்க மறுத்தால் உரிமை போய்விடுமே என்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பயிர் கழுத்துவரை முங்கியது. கண்மாய் மீன்கள் தண்ணீரோடு போய் அந்த வயல்களில் குடியேறின. சோணமுத்துவின் வயலில் மட்டும் வெடிப்பு விரல் நுழைகிற அளவுக்கு ஆகியிருந்தது.

"ஏங்க, கண்மாயி பொங்குதுங்கிறாக. நம்ம வயலு மட்டும் ஏன் பொங்கல?" என்றாள் அடைக்கம்மை.

"நாளைக்குப் பொங்கும்" என்றான் சோணமுத்து. அவனுக்கே குரல் இறங்கிவிட்டது.

ஒருநாள் கூழைக்கடாக்கள் நீந்துவதை விட்டு நடக்க ஆரம்பித்தன. மூட்டை தூக்கிய கிழவர்கள் போலத் தள்ளாடித் தள்ளாடிச் சேற்றில் நடந்தன.

"பொண்ணுக நடக்குதுகளே?" என்று சோணமுத்து கவலைப்பட்டான்.

"மாசமா இருக்கிறவுக நடந்தா நல்லதுதான்" என்றார்கள் பெண்கள். "சொகப்பிரசவம் ஆகும்."

"குஞ்சு பொரிச்சு எத்தனை நாளாச்சு!"

"அப்ப அடுத்த பிரசவத்துக்கு நடக்குதுக."

ஆனால் மரத்தில் திறந்த வாய்கள் திறந்தபடியே இருந்தன. முன்பெல்லாம் சத்தம் போடும். இப்போது சத்தமில்லை. சத்தமில்லாமல் திறந்திருக்கிற வாயைப் பார்ப்பது சோணமுத்துவால் முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கி, வெள்ளையம்மா வரைக்கும் போய்த் திரும்பி, நேரே சபைக்கு வந்தான்.

"அம்பலகாரரே, எருமை வரைக்கும் நடந்து போனேன். காலு நனையல."

சபை யோசித்தது.

"எருமைக்குத் தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?" என்றார் அம்பலகாரர்.

"கழுத்து வரைக்கும். ஆனா என் காலு..."

"ஆபீசர் அம்மா உன் காலைப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

"சொல்லல."

"எருமையைப் பத்திச் சொன்னாகளா?"

"சொன்னாக."

"பெறகென்ன? அவனவன் காலு நனையுது நனையலன்னு பாத்துக்கிட்டிருந்தா ஊர்ல சட்டம் எதுக்கு?"

வெள்ளையம்மா புரண்டு புரண்டு தனக்கென்று ஒரு குழி தோண்டியிருந்தது. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீர் மொத்தமும் அந்தக் குழிக்குள்தான் இருந்தது. எருமையைப் பொறுத்தவரை கண்மாய் நிறைந்திருந்தது.

அன்று மத்தியானம் ஆண்டிச்சாமி புண்ணாக்குக் கூடையோடு கரையில் வந்து நின்று கூப்பிட்டான். புண்ணாக்கு வாசனைக்கு வெள்ளையம்மா சட்டென்று எழுந்து நின்றது. கழுத்தளவு தண்ணீர் ஒரே நொடியில் குளம்பளவு ஆகிவிட்டது.

"ஐயய்யோ!" என்று அலறினான் சோணமுத்து. "வத்திப்போச்சு! கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள வத்திப்போச்சு!"

எருமையின் மேல் விசாரணை நடந்தது.

"குடிச்சிருச்சு" என்றது மேல்மடை.

"என் எருமையா?" என்று குதித்தான் ஆண்டிச்சாமி. "ஒரு கண்மாயக் குடிச்ச எருமை ஒருபடிப் பாலா கறக்கும்? இந்நேரம் ஊரே பால்ல மெதந்திருக்கும்!"

இது நியாயமாகப் பட்டதால் எருமை விடுதலை ஆனது. அப்படியானால் தண்ணீர் எங்கே? நெடுநேரம் விவாதித்து, வயலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஊர் சரித்திரத்திலேயே சரியான ஒரே கண்டுபிடிப்பு அதுதான்.

அம்பலகாரர் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "பிரசவத்துக்கு வந்த பொண்ணுக பங்கை அண்ணன் தம்பி நாம தின்னுட்டோமப்பா. எடுத்த தண்ணியைத் திருப்பிக் குடுக்கணும். குடம் வெச்சிருக்கிறவுக எல்லாரும் வாங்க."

"மடையை மூடிரவா?" என்று கேட்டான் சோணமுத்து.

"கூறு இருக்காடா உனக்கு? போன வழியை அடைச்சுட்டா, திரும்பி வர்ற தண்ணி எந்த வழியா வரும்? நல்லாத் தொறந்து வை."

சோணமுத்து மடைப்பலகையை முழுசாகத் தூக்கி வைத்தான். மேல்மடைக்காரர்களும் நடுமடைக்காரர்களும், தண்ணீர் மறுபடி தங்கள் வயலுக்குள் வந்துவிடாதபடி வாய்க்காலிலிருந்து வயலுக்குப் பிரியும் வாய்களை எல்லாம் மண் வைத்து அடைத்தார்கள். பிறகு ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, முங்கிக் கிடந்த வயல்களில் குடம் குடமாக மொண்டு, கரையேறி, மடைக்குப் பக்கத்தில் கண்மாய்க்குள் கொட்டினார்கள். கொட்டு மேளம் வேறு. குடத்தில் அகப்பட்ட கெண்டையும் கெளுத்தியும் தண்ணீரோடு போய் விழுந்தன. கொட்டிய தண்ணீர் உடனே மடை வழியாக வெளியே ஓடிற்று.

"கொட்டக் கொட்டக் குடிக்குது பாரேன்!" என்றார்கள். "பாவம், எவ்வளவு தாகம் கண்மாய்க்கு!"

சோணமுத்துவும் மொண்டான். தன் நெல் வைக்கோலாகத்தான் போகப்போகிறது என்று முடிவு செய்துகொண்டு, குஞ்சுகளுக்காவது இருக்கட்டும் என்று மொண்டான். தோள்பட்டை கழன்று வருவது போலிருந்தது. யாரும் மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மரங்கள் பாதி காலியாக இருப்பது தெரிந்திருக்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் அடைக்கம்மை கடைமடையிலிருந்து தலைமுடி அவிழ ஓடி வந்தாள்.

"இங்கேருங்க! நம்ம வயலுக்குள்ள கண்மாய் வந்திருச்சு!"

எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள். கடைமடை வயலில் வரப்பு முட்டத் தண்ணீர். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த கெண்டைகள் பயிருக்கு நடுவே துள்ளின. வரப்பெங்கும் நாரையும் கூழைக்கடாவும் தோளோடு தோள் உரச நின்று கொத்திக் கொத்தி விழுங்கின. தாடைப்பை நிறைந்தவை எழும்பி மரத்துக்குப் பறந்தன. பறந்தவை வெறும் பையோடு திரும்பி வந்தன. சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சிறகுகளின் ஓசை, நெடுநாள் மூடிக் கிடந்த வீட்டில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறப்பது போலிருந்தது. தூரத்தில் குஞ்சுகள் மறுபடியும் சத்தம் போட்டன.

சோணமுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

அம்பலகாரர் தீர்ப்புச் சொன்னார். "பொண்ணுக கோவிச்சுக்கிட்டு வீடு மாறிருச்சுக. இனிமே சோணமுத்து வீடுதான் தாய்வீடு. அடைக்கம்மை, பிரசவ மருந்து கிண்டு."

அவள் அன்றே சுக்கும் கருப்பட்டியும் இடித்துக் கிண்டி வரப்பில் வைத்தாள். பறவைகள் தொடவில்லை. ஆண்டிச்சாமி தின்றுவிட்டு உடம்புக்கு நல்லாயிருக்கிறது என்றான்.

அந்த வாரமே, யாருடைய புத்திசாலித்தனத்துக்காகவும் அல்லாமல், காலம் தப்பி ஒரு மழை பெய்தது. மடையை மூடியிருந்தார்கள், அதுவும் மழை உள்ளே ஒழுகிவிடக் கூடாதே என்பதற்காக. கண்மாய் அரைக்கு மேல் நிறைந்தது. ஆபீசர் அம்மா திரும்பி வந்தபோது நெல் பால் பிடித்துத் தலை சாய்ந்திருந்தது. குஞ்சுகள் கிளை மாறிப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன.

"பக்கத்து ஊர்லல்லாம் ஒண்ணு பயிர் போச்சு, இல்லை பறவை போச்சு. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"எல்லாம் எருமைதான்" என்றார் அம்பலகாரர் அடக்கமாக.

ஆபீசர் அம்மா கண்மாய்க்குள் இறங்கினார். கையோடு கொண்டுவந்த புது அளவுக்கல்லைக் கண்மாய் நடுவில் நட்டார். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சிவப்புக் கோடு. "கோடு வெளியே தெரிஞ்சா மடையைத் திறக்காதீங்க. தண்ணிக்குள்ள மறைஞ்சா மட்டும் திறங்க. இந்தக் கல்லை யாரும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது!"

"சத்தியமாக் கொண்டுபோக மாட்டோம்மா."

மறுநாள் சூரியன் உச்சிக்கு வந்தது. கரையில் உட்கார்ந்து சோணமுத்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அது நின்றுகொண்டே இருந்தது. வெயில் சுட்டது. வெள்ளையம்மாகூட இந்நேரம் உட்கார்ந்திருக்கும். அவனுக்கு மனசு தாங்கவில்லை.

"மாமா" என்றான் பக்கத்திலிருந்த அம்பலகாரரிடம். "சர்க்கார் கல்லுதான். இருந்தாலும் அதுக்கும் கால் கடுக்காதா?"

அம்பலகாரருக்கும் அதேதான் உறுத்திக்கொண்டிருந்தது. "வீட்டுக்குத்தானப்பா கொண்டுபோகக் கூடாதுன்னாக" என்றார்.

சோணமுத்துவும் ஆண்டிச்சாமியும் இறங்கிப் போய், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல, கல்லை மெதுவாகச் சாய்த்துத் தண்ணீருக்குள் படுக்க வைத்தார்கள்.

அம்பலகாரர் கரையில் துள்ளி எழுந்தார்.

"அடேய்! கோடு முங்கிருச்சுடா! பொங்கிருச்சு! மடையைத் தொற, மடையைத் தொற!"