முன்பாதி கனைப்பு, பின்பாதி கத்தல்

அந்தக் காலத்தில் விலங்குகள் எல்லாம் பேசின. பேசாமல் இருக்கத்தான் அவற்றுக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் சில்லானுக்கு மட்டும் சொந்தக் குரல் கிடையாது. ஆனால் மற்றவர்கள் குரல் அத்தனையும் அவனிடம் இருந்தது.

அவன் அம்மா மின்னி, ராஜாவைச் சுமக்கும் அரண்மனைக் குதிரை. அப்பா பொதியன், உப்பு மூட்டை சுமக்கும் கழுதை. அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊர் பேசியதை எழுதினால் தனிக் கதையாகும். பிள்ளை அம்மாவின் உயரத்தோடும் அப்பாவின் காதோடும் பிறந்தான். குதிரைகளிடம் போனால், "கழுதைகளின் தொட்டி அந்தப் பக்கம் உள்ளது, தம்பி" என்று மூக்கால் காட்டும். கழுதைகளிடம் போனால், "தொரை வந்துட்டாரு, எந்திரிச்சு நில்லுங்கலே" என்று சிரிக்கும்.

எந்தப் பக்கமும் சேர்க்காத பிள்ளை என்ன செய்வான்? இரண்டு பக்கத்தையும் கலாய்த்தான்.

விடிந்ததும் அம்மா குரலில் கனைப்பான்: "புறப்படுங்கள்! படை கிளம்பிவிட்டது!" குதிரைகள் வாயில் புல்லோடு ஓடிவந்து வரிசையில் நிற்கும். மத்தியானம் அப்பா குரலில் கத்துவான்: "ஏலே, தவிடு போடுதாவ, ஓடியாங்க!" கழுதைகள் விழுந்தடித்து வந்து காலித் தொட்டியை நக்கும். ஒருநாள் ராஜா குரலிலேயே, "ஆகா! இன்று யாருக்கும் வேலை இல்லை!" என்றான். காவலர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராஜா தன் கோட்டைக் கதவைத் தானே தள்ளித் திறக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாரும் உஷாரானார்கள். சில்லான் நிற்கும் பக்கத்திலிருந்து யார் குரல் வந்தாலும் ஒரு காதுகூட ஆடாது.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் மலைக்கோயிலில் திருவிழா. முதல் கற்பூரத்தை ராஜாதான் ஏற்ற வேண்டும். மின்னி மேல் ராஜா, பின்னால் குதிரைகள், அதற்கும் பின்னால் மூட்டை முடிச்சோடு கழுதைகள். பாதி மலையில் மின்னியின் குளம்பில் கல் ஏறிவிட்டது. நொண்டினாள்.

ராஜா இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். குதிரைகள் எல்லாவற்றின் மேலும் அபிஷேகக் குடங்கள் கட்டியிருந்தன. மிச்சம் கழுதைகள்தான்.

"கழுதை மேலா? திருடனைத்தானே கழுதையில் ஏற்றி ஊரைச் சுற்ற வைப்போம்! நான் என்ன தேங்காயா திருடினேன்?"

"மன்னா, என் மகன் சும்மாதான் வருகிறான்" என்றாள் மின்னி. "காதை மட்டும் பார்க்காதீர்கள். மற்றபடி குதிரைதான்."

ராஜா தன் பட்டுத் துண்டால் சில்லானின் காதுகளை மூடிக் கட்டினார். பிறகு ஏறினார். சில்லான் முன்னால் நடந்தான், மின்னி அவனை ஒட்டிப் பின்னால் வந்தாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், நடுவே ஒற்றையடிப் பாதை. மேலே போகப் போக மூடுபனி கண்ணைக் கட்டியது. ஒரு திருப்பத்தில் சில்லான் சட்டென்று நின்றான்.

"நட" என்றார் ராஜா.

"வாசனை சரியில்லை, ராஜா."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

பின்னாலிருந்த குதிரைகள் இடிஇடியென்று சிரித்தன.

"கற்பூர வாசனை தெரியாது, ராஜா. புது மண் வாசனை தெரியும். என் மூக்கு அப்பா மூக்கு. முன்னால் மலை சரிந்திருக்கிறது."

"உன் விளையாட்டை என்னிடமே காட்டுகிறாயா? நட!" விலாவில் ஓர் உதை.

ராஜாவின் "நட" பின்வரிசை வரைக்கும் கேட்டது. கூட்டம் நெருக்கியது. அம்மாவின் நெஞ்சு சில்லானின் பின்புறத்தில் வந்து முட்டியது. அவன் காலடியில் ஒரு கல் உருண்டு விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்து, எங்கோ கீழே, 'டொக்'.

ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். 'நில்லுங்கள்' என்று சொல்ல வாயைத் திறந்தார். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

சில்லான் அம்மா குரலில் கனைத்தான்: "நில்லுங்கள்!"

"தொடங்கிவிட்டான்" என்றன குதிரைகள்.

அப்பா குரலில் கத்தினான்: "ஏலே, நில்லுங்கலே!"

"போலே, காலித் தொட்டிதான இருக்கும்!" என்றன கழுதைகள்.

ராஜா குரலில் முழங்கினான்: "நில்!"

"ஆகா! இன்றும் வேலை இல்லையாம்!" என்று எல்லாரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.

முன்னங்கால் ஒரு விரற்கடை சறுக்கியது. தான் போனால் ராஜா போவார், அம்மா போவாள், வரிசையாக எல்லாரும் போவார்கள். எடுத்துவிட இனி யார் குரலும் பாக்கி இல்லை. பயத்தில் தானாக வாய் திறந்தது.

"ஹிஹிஹீஈஈ... காள்! காள்! காள்!"

எல்லாக் கால்களும் அப்படியே நின்றன. அந்தக் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"யாரது?" என்றது ஒரு குதிரை.

வரிசையின் கடைசியிலிருந்து பொதியன் கூவினான்: "அது கேலி இல்லலே! எம்புள்ள நெசமாவே பயந்துட்டான்! ஒருத்தரும் அசையாதீங்க!"

யாரும் அசையவில்லை. காற்று வீசிப் பனி விலகியது. சில்லானின் மூக்குக்கு முன்னால் பாதையே இல்லை.

அப்பாடா! அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விட்ட பெருமூச்சில் மிச்சப் பனியும் பறந்தது. ராஜா பாறைப் பக்கமாகச் சறுக்கி இறங்கி, கால் நீட்டி உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து சில்லானின் காதிலிருந்த துண்டை அவிழ்த்து, அதனால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கற்பூர வாசனையை நான் பார்த்துக்கொள்கிறேன், சில்லா. மண் வாசனையை நீ பார்."

திரும்ப இடமில்லை. அகலமான இடம் வரும் வரை எல்லாரும் பின்பக்கமாகவே நடந்தார்கள். அதனால் கழுதைகள் முதலில், குதிரைகள் பிறகு. ராஜா அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றினார். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கோட்டை வாசலில் மந்திரி கண்ணைக் கசக்கினார். "மன்னா, எதன் மேல் ஏறி வருகிறீர்கள்?"

"கழுதை மேல்தான்" என்றார் ராஜா, நிமிர்ந்து உட்கார்ந்து. "கோ என்றால் ராஜா. ராஜாவே ஏறிய கழுதை. கோவேறு கழுதை என்று எழுதிக்கொள்ளும்."

மறுநாள் விடிந்ததும் சில்லான் அம்மா குரலில் குதிரைகளைக் கிளப்பிவிடப் பார்த்தான். "ஹிஹிஹீஈஈ... காள்! காள்!" என்றுதான் வந்தது. இரண்டு தொட்டியிலிருந்தும், "வா, சில்லா!" என்று கூப்பிட்டார்கள்.

கோவேறு கழுதை கத்தும்போது குதிரையாகத் தொடங்கிக் கழுதையாக முடிப்பது அன்றைக்கு வந்த குரலில்தான். அன்று தொட்டுத்தான், மலைப்பாதையில் அது நின்றுவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் அடிப்பதில்லை. இறங்கி, முன்னால் பாதை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.