அடிச்சவன் எடுக்கணும்

“கோல் வரமாட்டேங்குது, பெனிட்டா.”

பெனிட்டா வலையில் இருந்த கிழிசலைக் கயிறு வைத்து முடிந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்ப பந்து எங்க போவுது?”

“வெளிய.”

“வெளியன்னா எங்கண்ணா?”

டில்லிபாபு மைதானத்தைச் சுற்றிலும் பார்த்தான்.

பந்தை உதைத்துச் சோறு தின்கிற ஆள் அவன். வலைக்குள் போன பந்து ஒவ்வொன்றும் அவனுக்கு நினைவிருக்கிறது, எந்த ஊர், எந்தக் கால் என்பது உட்பட. வெளியே போன பந்து எங்கே போய் விழுந்தது என்று கேட்டால் ஒன்றுகூடத் தெரியாது. அடித்தது தவறினால் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பான். கையை எடுப்பதற்குள் யாராவது வேறு பந்தைக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள்.

“பாத்துட்டு வந்து சொல்லு,” என்றாள் பெனிட்டா.

பாடம் அவ்வளவுதான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றாள்.

டில்லிபாபு யார் என்று சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் அவனைத் தெரியாதவர் கிடையாது. மைதானத்துச் சுவரில் அவன் படம் வரைந்திருக்கிறார்கள், ஆளைவிட மூக்கு கொஞ்சம் பெரிசாக. பெரிய கிளப் ஒன்றின் ஸ்ட்ரைக்கர். கோல் போட்டால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏரோப்ளேன் மாதிரி மைதானத்தைச் சுற்றி ஓடுவான். அதைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

மழைக்காலத்தில் ஏதோ ஒரு நாள் அந்த ஏரோப்ளேன் தரையிறங்கியது. பிறகு கிளம்பவே இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனோ ஆடத் தெரிந்தவன். இருந்தும் முதலில் பூட்ஸைக் குறை சொன்னான், அப்புறம் புல்லை, அப்புறம் கிரகத்தை. பூட்ஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். கிளப் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பியது. கண்ணை மூடிக்கொண்டு கோல் போடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார் அவர். மூடிய கண்ணுக்குள்ளும் பந்து வெளியேதான் போயிற்று.

கடைசியில் கோச் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பங்குனியில் ஃபைனல், அதுவரை பெஞ்சில் உட்காரலாம், அதற்குமேல் ஒன்றும் நடக்காவிட்டால் காண்ட்ராக்ட் கிடையாது. முப்பத்துமூன்று வயதில் ஒரு ஸ்ட்ரைக்கரை வேறு எவன் கூப்பிடுவான்? டில்லிபாபுவுக்கு உதைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு அவனுக்கு வந்தது உண்மையான பயம்.

அந்தச் சமயத்தில்தான் பொங்கலுக்குப் பேட்டையில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். எதிர் கோலில் நின்றவள் பெனிட்டா. பெண்கள் அணியின் கோலி, இவனைவிட ஒன்பது வயது சின்னவள். இவன் அடித்த எதையும் அவள் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லாம் கம்பத்துக்கு வெளியே போய்விட்டன. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“காலைல கிரவுண்டுக்கு வாண்ணா,” என்றாள்.

அப்பனுக்கே பாடம் சொன்ன சாமியைக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. அதனால் அவன் போனான்.

முதல் உதை. பந்து கோல் கம்பத்துப் பாருக்கு மேலே ஏறி, சுவரைத் தாண்டி மறைந்தது. டில்லிபாபுவின் கைகள் தாமாகவே தலைக்குப் போயின.

“எட்த்துனு வாண்ணா.”

“நானா?”

“நம்ம கிரவுண்டு சட்டம் மறந்துட்ச்சா? அடிச்சவன்தான் எடுக்கணும்.”

மறக்கவில்லை. அந்தச் சட்டத்தில் வளர்ந்தவன்தான். பெரிய ஆளான பிறகு யாரும் அவனிடம் அதைச் சொன்னதில்லை.

சுவர் ஏறிக் குதித்தான். அந்தப் பக்கம் சந்து. சந்தில் மரகதம் வீடு. வாசலில் காயவைத்திருந்த மிளகாய்க்கு நடுவில் பந்து, பந்துக்குப் பக்கத்தில் மரகதம், மரகதத்தின் கையில் அரிவாள்மனை.

“எவன்டா அடிச்சது?”

“நான்தான்க்கா.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ டிவில வர்ற டில்லிபாபு இல்ல?”

“ஆமாக்கா.”

“டிவிலயும் இப்டிதான் அடிக்கிற.”

அவனுக்குக் காது சிவந்துபோயிற்று. குனிந்து மிளகாயை எல்லாம் ஒன்றுவிடாமல் பரப்பி வைத்தான். தும்மினான். பந்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“எங்க போச்சு?” என்று கேட்டாள் பெனிட்டா.

“மரகதக்கா வூட்டு மொளகால.”

“அவ்ளோதானா?”

அவன் யோசித்தான். “அவ்ளோதான்.”

“சரி, அடி.”

இப்படியே நாள்கள் போயின. பந்து சாக்கடையில் விழுந்தது, குச்சி வைத்து எடுத்தான். தையற்கடைக்குள் போயிற்று, மன்னிப்புக் கேட்டு எடுத்தான். ஒருநாள் ஓடுகிற ஷேர் ஆட்டோவுக்குள் விழுந்து மூலக்கடைக்கே போய்விட்டது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய், பந்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். கூட வந்தவர்கள் மூக்கைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“ஃபைனல்ல ஆடுவியாண்ணே?”

“பெஞ்சுல இருப்பேன்.”

“எறக்குனா அடிச்சுருவ இல்ல?”

“தெரியாதுப்பா. அடிச்சா எங்கியாச்சும் போவும்.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஒருநாள் காலை பந்து பெனிட்டாவின் விரல் நுனியைத் தாண்டி, இடது கம்பத்தை உரசிக்கொண்டு வலைக்குள் பாய்ந்தது. வலை மறுபடி கிழிந்தது.

டில்லிபாபுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைகளை விரித்தான். ஏரோப்ளேன் கிளம்பிவிட்டது.

“எட்த்துனு வாண்ணா.”

ஓடியவன் நின்றான். “கோல் ஆச்சே!”

“யாரு அடிச்சது?”

“நான்.”

“அப்புறம்?”

அவன் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்து வந்தான். அன்றைக்கு அது அவனுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

ஃபைனலுக்கு முந்தின நாள். பயிற்சி முடிந்து இருவரும் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வெகுநாளாகக் கண்ணில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை அவன் கேட்டுவிட்டான்.

“நீ எப்பவும் பந்தைக் கையாலதான் வீசுற. ஒரு வாட்டிகூடக் காலால அடிச்சு நான் பாக்கல. ஏன்?”

பெனிட்டா கையுறையின் பட்டியைப் பிரித்தாள், ஒட்டினாள், மறுபடி பிரித்தாள்.

“போன வருஷம் எங்க ஃபைனல் பெனால்டிக்குப் போச்சு. எல்லாரும் அடிச்சு முடிச்சுட்டாங்க. கடைசில கோலியே அடிக்கணும்னு ஆய்ட்ச்சு. அடிச்சேன். பாருக்கு மேல போய்ட்ச்சு.”

“எங்க போய் விழுந்துது?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆனால் வாயை விட்டுப் போன சொல்லுக்குச் சுவர் ஏறிக் குதித்து என்ன பயன்?

பெனிட்டா பட்டியை இறுக்கி ஒட்டினாள்.

“தெரியலண்ணா. பாக்காம வந்துட்டேன்.”

எழுந்து போய்விட்டாள்.

குருவை நோகடித்துவிட்டோமே என்ற வருத்தத்தோடுதான் டில்லிபாபு ஃபைனலுக்குப் போனான்.

ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. ஆளுக்கொரு கோல் போட்டு இரண்டு அணியும் சமமாக நின்றன. நேரம் கரைந்துகொண்டிருந்தது. முன்னால் ஆடிய இளம் ஸ்ட்ரைக்கர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கோச் பெஞ்சைப் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

“போ,” என்றார். அந்தக் குரலில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

இறங்கிய கொஞ்ச நேரத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது. ஓங்கி அடித்தான். பாருக்கு மேலே போயிற்று.

ஸ்டேடியம் முழுக்க ஒரே பெருமூச்சு. நாடெங்கும் டிவி முன்னால் இருந்தவர்கள், இப்போது டில்லிபாபு தலையில் கை வைப்பான் என்று காத்திருந்தார்கள்.

அவன் அங்கே இல்லை. கோலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து, நாற்காலிக்கு அடியில் குனிந்து பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். எதிரணி கோலியின் கையில் மரியாதையாகக் கொடுத்தான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கோச் முகத்தைப் பொத்திக்கொண்டார். கோலி அவனை ஒரு தினுசாகப் பார்த்தான்.

“என்ன சார் இது?”

“எங்க கிரவுண்டு பழக்கம்பா.”

கடைசி நிமிஷம். வலது ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தது. டில்லிபாபு எழும்பி நெற்றியால் முட்டினான். கோலியைத் தாண்டிவிட்டது. கூட்டம் எழுந்தது. பந்து நேராகப் பாரில் போய் இடித்து, செங்குத்தாக வானத்துக்கு ஏறியது.

ஐயோ!

அந்த ஒரு கணம் ஸ்டேடியத்தில் இருந்த அத்தனை கைகளும் தலைக்குப் போயின. கோச்சின் கை, கூட ஆடியவர்களின் கை, கூட்டத்தின் கை. எதிரணிக்காரர்கள் பிழைத்தோமடா என்று நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார்கள். கோலி மல்லாந்து கிடந்தான்.

ஒரே ஒரு ஆள் மட்டும் நடந்துகொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்தபடி, அவசரம் இல்லாமல், பந்து எங்கே வந்து விழும் என்று பார்த்து அங்கே போனான். தான் அடித்த பந்து. தான்தானே எடுக்க வேண்டும்.

பந்து இறங்கியது. நெஞ்சில் வாங்கி, முழங்காலால் தள்ளினான்.

கோல்!

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. ஸ்டேடியத்துக் கூரைப் புறாக்கள் அத்தனையும் பறந்தன. கோச் யாரையோ கட்டிப்பிடித்தார், அவர் எதிரணியின் கோச் என்று பிறகுதான் தெரிந்தது. வியாசர்பாடியில் டிவி முன்னால் மரகதம் எழுந்து நின்று, “நம்ம மொளகாக்காரன்டி!” என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

கூட ஆடியவர்கள் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். ஏரோப்ளேன் எந்தப் பக்கம் கிளம்பும் என்று தேடினார்கள். எந்தப் பக்கமும் கிளம்பவில்லை.

டில்லிபாபு வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தான். வலையோடு சேர்த்து அவன்மேல் எல்லாரும் விழுந்தார்கள். அடியில் கிடந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் குழந்தைபோல் அழுதான், சிரித்தான். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை அறிந்ததில்லை.

கிளப் மறுபடி ஒப்பந்தம் என்றது. பேட்டையில் பறையடித்து, தோளில் தூக்கிச் சுற்றினார்கள். சுவரில் இருந்த மூக்கைச் சின்னதாக்கிப் புதுப் படம் வரைந்தார்கள்.

கொண்டாட்டம் எல்லாம் ஓய்ந்த மறுநாள் காலை அவன் மைதானத்துக்கு வந்தான். பெனிட்டா தனியாக வலை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஃபைனல் பந்து. அணி முழுதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது.

“பாத்தேண்ணா,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “அழகா எட்த்த.”

பந்தைப் பெனால்டி புள்ளியில் வைத்தான். அவளிடம் போய்க் கையை நீட்டினான். அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. இடுப்பில் செருகியிருந்த கையுறைகளை மெதுவாக உருவிக் கொடுத்தாள்.

டில்லிபாபு அவற்றை மாட்டிக்கொண்டான், பாதி விரல்தான் உள்ளே போயிற்று. கோலுக்குள் போய் நின்றான்.

“கையெழுத்துப் போட்ட பந்துண்ணா அது.”

“அடி.”

அவள் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நகர்ந்தாள். நின்றாள். மூச்சை இழுத்து ஓடிவந்தாள்.

பந்து பாருக்கு மேலே ஏறியது. சுவரைத் தாண்டியது. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது.

“எவன்டா அடிச்சது? இந்த வாட்டி அறுத்தே போட்ருவேன்!”

டில்லிபாபுவின் கால்கள் பழக்கத்தில் சுவரைப் பார்த்து ஓடின.

“நில்லுண்ணா.”

பெனிட்டா அவனைத் தாண்டி ஓடினாள். ஒரே எட்டில் சுவர்மேல் ஏறி நின்றாள்.

“நான்தான்க்கா!” என்று கத்திவிட்டு, அந்தப் பக்கம் குதித்தாள்.