ராஜா கொப்புளிச்ச ரெண்டு சட்டிக் கஞ்சி

ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஆனைக்குடி நாட்ட சினவேலன்னு ஒரு ராஜா ஆண்டாரு. ஆண்டாருன்னா என்ன, எல்லாரையும் சந்தேகப்பட்டாரு, அதுதான் வேலை! அவரு வாயத் திறந்தா சபையே மூஞ்சியத் திருப்பிக்கும். கடவாப்பல்லு சொத்தை, அப்படி ஒரு நாத்தம். அத யாரு சொல்றது? ராஜாவோ, "மூஞ்சியத் திருப்புறவன்லாம் சதிகாரன்"னு ரெண்டு தளபதியச் சிறையில போட்டுட்டாரு.

வாசனைத் திரவிய அதிகாரி மருதப்பன் மட்டும் மூச்சப் புடிச்சுக்கிட்டு, "மன்னா, உங்க வாய்நீரு அமுதம்!"பான். மந்திரி பதவி மேல கண்ணு.

ஒருநாள் பல்வலியில ராஜா துடிச்சாரு. மந்திரி இளவழுதி தண்ணியில கிராம்புத் தைலம் விட்டுக் கொடுத்தாரு. கொப்புளிச்சதும் நாக்கு மரத்துப்போச்சு.

"விஷம்! இவனும் மூஞ்சியத் திருப்புறவன்தான் மன்னா!"ன்னு மருதப்பன் கத்துனான்.

"நாளைக்கு இவன் தலைய எடுங்க!"ன்னாரு ராஜா. விசாரணையா? ராஜாவுக்கு எதுக்குங்க அதெல்லாம்!

இளவழுதி அசரல. "எடுங்க மன்னா. அதுக்கு முன்னாடி ரெண்டு சட்டிக் கஞ்சியில வாய் கொப்புளிச்சு அந்தந்தச் சட்டியிலயே துப்புங்க. ஒண்ணுல மட்டும் தைலம் விடுறேன். முத்திரை வச்சு நீங்களே காவல் இருங்க. காலையில தைலக் கஞ்சிய நான் குடிக்கிறேன். விஷம்னா வெட்டுற வேலை மிச்சம். இன்னொண்ண மருதப்பன் குடிக்கட்டும். அதுல அமுதம் மட்டும்தானே!"

மருதப்பன் மெல்லத் தலையாட்டுனான். மாட்டேன்னு சொல்ல முடியுமா?

கோடை வெக்கை. விடிஞ்சதும் ராஜாவே முத்திரைய உடைச்சாரு. இளவழுதி சட்டியில கிராம்பு வாசம். மடக்குமடக்குன்னு குடிச்சுட்டு நின்னாரு.

மருதப்பன் சட்டிய வாய்கிட்ட கொண்டுபோனான். நுரை பொங்கி, செத்த எலி நாத்தம். மூஞ்சி தானா திரும்பிருச்சு.

"குடிடா!"ன்ன ராஜா அப்படியே நின்னுட்டாரு. "இப்படி மூஞ்சி திரும்புறத தினம் பாக்குறேனே..." உள்ளங்கையில ஊதி மோந்தாரு. பொத்துன்னு உக்காந்தாரு.

"வாயில அழுகுறதுதான் மன்னா கஞ்சியிலயும் அழுகுது. தைலம் அத வளர விடாது. நாக்கு மரத்தது அதோட குணம், கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சே"ன்னாரு இளவழுதி.

தளபதிங்க வெளிய வந்தாங்க. ராஜா தன் முத்துமாலையக் கழட்டி மந்திரிக்குப் போட்டாரு. தினம் காலையில ராஜா வாய மோந்து உண்மையச் சொல்ற வேலை மருதப்பனுக்கு.

அப்பவும் ராஜாவுக்குச் சந்தேகம் போகல. "இத்தன நாளா நீரு ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா, மாலை போட எனக்குக் கழுத்து இருந்திருக்குமா மன்னா?"

கத்துறதுக்கு வாயத் திறந்தாரு ராஜா. சபையில எல்லார் கழுத்தும் லேசாத் திரும்புச்சு. டக்குன்னு மூடிக்கிட்டு, தைலக் குப்பிக்குக் கைய நீட்டுனாரு.