ராஜா காவல் காத்த சிப்பிக்குழி

மாறவேள் ராஜாவுக்கு ஒரு குணம். யாரையும் நம்பமாட்டார். குழம்புக்கு உப்புப் போடும்போதுகூட அடுக்களைக்குள் வந்து சமையல்காரன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். மற்றபடி தங்கமான மனுஷன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் மகளுக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மூன்று வடத்தில் புது முத்துமாலை போட்டு அனுப்ப வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. கருவூலத் தலைவர் வீரவல்லபர் உடனே வழி சொன்னார்.

"நம் கடலுக்கடியில் பெரிய முத்துப்பார் இருக்கிறதே! பாறை முழுக்க முத்துச்சிப்பி. அள்ளினால் போயிற்று."

சபையில் விகடம் பேசியும், வேளை பார்த்து யோசனை சொல்லியும் பிழைக்கிற சாத்தன் மெல்ல வாயைத் திறந்தான். "போன வருஷம்தான் அள்ளினோம், மகாராஜா. ஒரு தடவை அள்ளினால் ஐந்து வருஷம் அந்தப் பாரைத் தொடக்கூடாது. தங்கள் பாட்டனார் போட்ட கட்டுப்பாடு."

"பாட்டனாருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் இருந்தாளா?" என்றார் ராஜா. "பாரைத் திறக்கச் சொல். எடுக்கிற முத்து ஒன்று விடாமல் என் கைக்கு வர வேண்டும். நடுவில் ஒருத்தன் கை படக்கூடாது!"

அன்று சாயங்காலமே முத்துக்குளிப்பவர்களின் தலைவர் உலகன், சாத்தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, எல்லாம் நகத்தளவு பிஞ்சு. இப்பச் சுரண்டி எடுத்தா, குஞ்சுச் சிப்பி வந்து ஒட்டிக்கிட இடமே இருக்காது. பாரு மொட்டைப் பாறையாப் போயிரும். மீனும் அண்டாது. எங்க எண்பது குடும்பமும் எதைத் தின்னும்? மன்னர்கிட்ட நேராச் சொன்னா தலை இருக்காதுய்யா."

"உங்க தலை பத்திரமா இருக்கட்டும்" என்றான் சாத்தன். "எனக்கு ரெண்டு கூடைச் சிப்பி மட்டும் எடுத்துக் கொடுங்க. மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்."

மறுநாள் சாத்தன் ராஜா முன்னால் பவ்யமாக நின்றான். "வழக்கப்படி முதலில் இரண்டு கூடை எடுத்து மாதிரி பார்க்க வேண்டும், மகாராஜா. குழியில் போட்டு வைத்தால் பத்து நாளில் சதை அழுகிக் கரையும், முத்து அடியில் தங்கும். அதுவரை சிப்பிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கரை வழக்கம். கண் அசந்தால் முத்து யார் வாய்க்குள்ளாவது போய்விடும்."

"வீரவல்லபர் உட்காரட்டுமே."

"தாராளமாக உட்காரட்டும். நல்லவர்தான். பத்து நாள். தனியாக. முத்தோடு."

ராஜா தாடியைத் தடவினார். "வேண்டாம், நானே உட்காருகிறேன்!"

முதல் நாள் பந்தல், கடற்காற்று, இளநீர் என்று சுகமாகப் போயிற்று. மூன்றாம் நாள் ராஜா மூக்கில் துணி கட்டிக்கொண்டார். ஐந்தாம் நாள், துணைக்கு வந்திருந்த வீரவல்லபர் முதுகுவலி என்று ஊருக்குப் போனவர் போனவர்தான். ஈக்கள் மட்டும் விசுவாசமாகக் கூடவே இருந்தன. எத்தனை தரம் கடலில் முங்கி எழுந்தாலும் ராஜாவை விட்டு வாடை போகவில்லை. எட்டாம் நாள் ராணியிடமிருந்து ஓலை வந்தது: "காற்று அரண்மனைப் பக்கம் அடிக்கிறது. குழியை நகர்த்த முடியாவிட்டால் தாங்களாவது கொஞ்சம் தள்ளி உட்காரவும்."

பாவம், மனிதர் அசையவில்லை. மகள் மேல் அவ்வளவு பாசம்.

பத்தாம் நாள் குழியை அலசினார்கள். உலகன் ராஜாவின் உள்ளங்கையில் கொட்டியது ஒரு சிட்டிகை. ரவை மாதிரி இருந்தது.

"இதில் எப்படி ஊசி நுழையும்?" என்று அலறினார் ராஜா.

"நுழையாதுதான், மகாராஜா" என்றான் சாத்தன். "அதனால்தான் பாரை முழுக்கச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நாற்பது படகு வருகிறது. நாற்பது குழி வெட்டியாயிற்று. தேடினால் கோக்கிற அளவில் நாலைந்தாவது கிடைக்காதா? ஒன்று விடாமல் தங்கள் கைக்கே. பந்தலையும் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரை இங்கேயே வரச் சொல்லித் தாலி கட்டிவிடலாம்."

ராஜா நாற்பது குழிகளையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மூடு! எல்லாவற்றையும் மூடு! பாரையும் மூடு! ஐந்து வருஷம் ஒருத்தன் அங்கே முங்கக்கூடாது. என் மகளுக்குப் பவளம் போதும். முத்து என்றாலே குமட்டுகிறது!"

உலகன் மணலிலேயே விழுந்து கும்பிட்டார். எண்பது வீட்டு அடுப்பும் அணையாது என்று அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"கட்டளையை மீறி யாராவது அள்ளினால்?" என்று கேட்டான் சாத்தன். "தலையை வாங்கலாமா?"

"தலையா? அது ஒரு தண்டனையா? குழிக்குப் பக்கத்தில் பத்து நாள் உட்கார வை!"

சொன்ன பிறகுதான் ராஜாவுக்கு உறைத்தது. சாத்தனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடப்பாவி! திட்டம் போட்டுத்தானே என்னை உட்கார வைத்தாய்? கெட்டிக்காரன்! வா, உன்னை மார்போடு தழுவி என் பொற்சங்கிலியைப் போடுகிறேன்!"

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ராஜா வந்தார். சாத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னோக்கி நடந்தான்.

"சங்கிலி வேண்டாம், மகாராஜா! தாங்கள் அங்கேயே நிற்க வேண்டும் என்று ஒரு கட்டளை போடுங்கள், அதைவிடப் பெரிய பரிசு எனக்கு வேண்டாம்!"