குளிப்பதற்கு முன் ஒரு குளியல்

விலங்கும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஜப்பானின் மேற்குக் கடற்கரையில், மலை சரிந்து நேராகக் கடலுக்குள் இறங்கும் ஓர் இடத்தில், ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. கரும்பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு ஆழமுள்ள சின்னக் குளம். அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அந்தப் பிளவிலிருந்து வெந்நீர் குமிழிட்டுக்கொண்டே இருக்கும். பத்தடி தள்ளிக் கடல் அலை வந்து மோதும்.

குளத்தை ஒட்டி ஒரு குடிசை. அதில் ஷிகே என்ற பெண்ணும் அவள் கணவன் குன்சோவும் இருந்தார்கள். குன்சோ மீனவன். ஒரு புயலில் படகு அவனைப் பாறையில் தூக்கி எறிந்து இடுப்பெலும்பை முறித்துவிட்டது. காலையில் கொஞ்ச நேரம் வெந்நீரில் கிடந்தால்தான் அவனுக்குக் கால் நீளும். அன்றைக்கு எழுந்து நடப்பான், வலை பின்னுவான். ஒரு நாள் வெந்நீர் இல்லையென்றால் கட்டையாகப் படுத்துவிடுவான். அதற்காகவே ஷிகே தன் ஊரை விட்டுவிட்டு இந்தப் பாறையோரம் வந்து குடியேறினாள். பாறையில் சிப்பி பெயர்த்துச் சமைத்தாள். குளத்தில் அலை எறிந்த பாசியை அள்ளினாள், வழுக்கும் கல்லைத் தேய்த்தாள். கோடை முழுக்க அங்கே ஈ காக்கை வராது. வேலை அதிகம்தான், ஆனால் நிம்மதி.

பனிக்காலம் வந்தால் அந்த நிம்மதி போய்விடும்.

மலையில் பனி மூடியதும் காட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் கடலைப் பார்க்கும் ஆசை வந்துவிடும். பார்க்க வேண்டியவை இருந்தன என்பதும் உண்மைதான். அந்தக் குளிரில் அலைநுரை கெட்டியாகி, காற்றில் வெள்ளைப் பூவாகப் பறக்கும். பனி கொட்டக் கொட்டக் கடல் அதைச் சத்தமில்லாமல் விழுங்கும். நடுவில் ஓட்டை விழுந்த ஒரு பெரிய பாறை கடலில் நிற்கும். அந்த ஓட்டை வழியாகச் சூரியன் இறங்குவதைப் பார்க்க மூன்று மலை தாண்டி வருவார்கள். பார்த்து முடித்ததும் எல்லாருக்கும் குளிரும். குளிர்ந்ததும் எல்லாரும் ஷிகேயின் குளத்துக்குத்தான் வருவார்கள்.

காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தது, வழியில் புரண்ட சேற்றோடு. குரங்குக் கூட்டம் உதிர்கிற முடியோடும் பேனோடும் வந்தது. ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே உள்ளே இறங்கியது. நீர்க்காகம் மீன் எண்ணெய் சொட்டச் சொட்டக் குளத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் கழுவிவிட்டு இறங்கக் கூடாதா?" என்று முதல் வருஷம் ஷிகே பணிவாகக் கேட்டாள்.

"ஒரு நிமிஷம்தான் அக்கா. கால் விறைத்துப்போச்சு. இதோ எழுந்துவிடுவேன்" என்றது காட்டுப்பன்றி. சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் வருஷம் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினாள். குரங்குகள் அந்தக் கயிற்றில் ஊஞ்சலாடின. மூன்றாம் வருஷம் கையில் துடைப்பத்தோடு நின்றாள். "இந்த அக்கா ஏன் எப்போதும் கோபமாகவே இருக்கிறாள்? நாம் ஊர் பார்க்க வந்த இடத்தில்!" என்று நீர்க்காகம் அவள் காதுபடவே சொன்னது.

போதாக்குறைக்கு குன்சோ. அவனுக்கு விருந்தாளி என்றால் உயிர். கழுத்தளவு நீரில் கிடந்தபடி, "அதோ தெரிகிற தீவு இருக்கிறதே, அங்கேதான் நான் ஒருமுறை சூறாவளியில் மாட்டிக்கொண்டேன்" என்று கதை அளப்பான். குரங்குக் குட்டிகள் அவன் தலையில் ஏறி உட்கார்ந்து கேட்கும்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஷிகே கேட்டால், "பாவம், குளிரில் வந்திருக்கிறார்கள். வந்தவர்களிடம் போய்க் காலைக் கழுவு, கையைக் கழுவு என்று எப்படிச் சொல்வது?" என்பான்.

"அப்படியானால் நான் சொல்கிறேனே, நான் என்ன ராட்சசியா?"

அவன் குரங்குக் குட்டிகள் பக்கம் திரும்பி, தீவுக் கதையைத் தொடருவான்.

நான்காம் பனிக்காலத்தில், பனி மிகக் கடுமையாகக் கொட்டிய ஒரு வாரத்தில், குளத்தில் குமிழி குறைந்தது. மறுநாள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு மறுநாள் அந்த வெதுவெதுப்பும் போய்விட்டது. குன்சோ இறங்கிப் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டு ஏறினான். அன்று மாலையே அவன் இடுப்பு பூட்டிக்கொண்டது. ஷிகே துணியைச் சுடவைத்து ஒற்றடம் கொடுத்தாள். கல்லைச் சுட்டு முதுகின் கீழே வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் அவனால் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. விருந்தாளிகளைப் பற்றிப் பேசாமல் அவன் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

அவள் வெளியே வந்தபோது குளத்தைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு தூரம் வந்தோம், தண்ணீர் சில்லென்று இருக்கிறதே!" என்றது குரங்குகளின் தலைவி.

"உங்கள் முடிதான் அடைத்திருக்கும்" என்றது காட்டுப்பன்றி.

"எங்கள் முடியா? உங்கள் சேறு!"

"என் இறகெல்லாம் எண்ணெய் பூசியது. ஒன்றுகூட உதிராது" என்றது நீர்க்காகம், யாரும் கேட்காமலேயே.

ஷிகேவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "எல்லாரும் வாயை மூடுங்கள்! உள்ளே என்னுடைய புருஷன் கட்டையாகக் கிடக்கிறார். யாருடையது அடைத்திருக்கிறது என்று இதோ எடுத்துக் காட்டுகிறேன். யாருடையதோ, அவர்கள் இனிமேல் இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சம்மதமா?"

எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தபடி சம்மதம் என்றார்கள்.

ஷிகே அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பற்கள் கிடுகிடுக்கக் குளத்தில் இறங்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிப் பிளவுக்குள் கையை விட்டாள். முதலில் வந்தது சேற்றுக் கட்டி, முள்ளு முள்ளாகப் பன்றி மயிரோடு. பனிமேல் வீசினாள். "இது யாருடையது?" காட்டுப்பன்றி தலையைக் குனிந்தது. மறுபடி முங்கினாள். பழுப்பு முடியும் ஆரஞ்சுத் தோலும். குரங்குகளின் தலைவி வானத்தைப் பார்த்தாள். மூன்றாம் முறை ஒரு கைப்பிடி கறுப்பு இறகு. நீர்க்காகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

அப்படியும் தண்ணீர் வரவில்லை. உள்ளே ஆழத்தில் ஏதோ ஒன்று கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. ஷிகே அதைக் கையில் சுற்றிப் பிடித்து, காலைப் பாறையில் ஊன்றி இழுத்தாள். அது அறுபடாமல் முழுதாக வந்தது. அதன் பின்னாலேயே கொதிக்கும் நீர் சீறிக்கொண்டு கிளம்பி அவள் முழங்கையைச் சுட்டது. அவள் துள்ளிக் கரையேறி, கையில் இருந்ததைப் பனிமேல் போட்டாள்.

நீளமான கறுப்பு முடி. நான்கு வருஷமாகச் சேர்ந்து முறுக்கிய முடி, ஒரு கை நீளம்.

காட்டுப்பன்றி மட்டும் அருகே வந்து முகர்ந்து பார்த்தது. "அக்கா," என்றது மெதுவாக, "எங்களில் யாருக்கும் இவ்வளவு நீளம் கிடையாதே."

ஷிகேயின் கை தானாகத் தலைக்குப் போனது. வேலை முடித்து, வேர்வையும் சிப்பி நாற்றமுமாக, ஒவ்வொரு சாயங்காலமும் எல்லாரும் போன பிறகு அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டு அந்தக் குளத்தில் இறங்குவாள். தன் குளம்தானே என்று ஒருநாளும் கழுவிக்கொண்டு இறங்கியதில்லை.

குடிசைக்குள்ளிருந்து குன்சோவின் குரல் கேட்டது. "ஷிகே! கிடைத்ததா? கடைசியில் யாருடையதுதான்?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பனியில் அதைக் காலால் மூடிவிட ஒரு கணம் போதும். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னுடையது!" என்று கத்தினாள். "போதுமா? என்னுடைய தலைமுடி!"

உள்ளே அவன் அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஐயோ, இடுப்பு, இடுப்பு" என்று இடையிடையே முனகலும் கேட்டது.

அதற்குள் குளத்தில் ஆவி எழும்பிவிட்டது. நடந்ததை எல்லாம் ஒரே நொடியில் மறந்து, குரங்குகள் குளத்தை நோக்கிப் பாய்ந்தன.

"நில்லுங்கள்!" ஷிகே குறுக்கே கையை நீட்டினாள். "எல்லாருடையதும்தான் அடைத்திருக்கிறது, என்னுடையதும்தான்; அதனால் யாரையும் துரத்தப் போவதில்லை. ஆனால் இனிமேல் யாரும் அப்படியே இறங்கக் கூடாது. முதலில் வெளியே உட்கார்ந்து உடம்பைக் கழுவ வேண்டும். அப்புறம்தான் குளம்."

"குளிப்பதற்கு முன்னால் குளிக்க வேண்டுமா?" குரங்குகளின் தலைவிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "இந்தப் பனியிலா? யார் செய்வார்கள் அதை?"

ஷிகே மீன் போடும் மரத்தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தினாள். மரவாளியில் வெந்நீர் மொண்டு வந்து அங்கியோடு தலையில் ஊற்றினாள். வைக்கோலைச் சுருட்டி எடுத்து, விரல் இடுக்கு, கழுத்து, காது மடல் என்று எல்லா இடமும் தேய்த்தாள். தோளில் பனி விழுந்துகொண்டே இருந்தது. அவள் உதடு நீலமாகிவிட்டது. மறுபடியும் ஊற்றினாள். கடைசியில் கூந்தலைப் பிழிந்து உச்சியில் கொண்டையாக முடிந்து, ஒரு முடிகூடத் தண்ணீரில் படாதபடி துணியால் இறுகக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் குளத்தில் கால் வைத்தாள். கழுத்துவரை அமிழ்ந்ததும் அவளை அறியாமல் ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

அந்தப் பெருமூச்சைக் கேட்டுத்தான் காட்டுப்பன்றி அசைந்தது. நேராகப் போய் வாளியின் முன்னால் உட்கார்ந்தது. "முதுகு எனக்கு எட்டாது, யாராவது தேய்த்துவிடுங்கள்" என்றது. நீர்க்காகம் சலித்துக்கொண்டே அலகால் வைக்கோலை எடுத்தது. குரங்குகள் வரிசையில் நின்றன. முன்னால் போக ஒன்றையொன்று தள்ளின, ஷிகே அதற்கும் ஒரு சத்தம் போட்டாள்.

எல்லாரும் கழுவி முடித்த பிறகு காட்டுப்பன்றி குடிசைக்குள் போய் குன்சோவை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஆவியைப் பார்த்ததும் குன்சோவுக்கு முகம் மலர்ந்தது. பன்றி முதுகிலிருந்து அப்படியே குளத்துக்குள் சரியப் பார்த்தான்.

"எங்கே போகிறீர்கள்?" என்றாள் ஷிகே, தண்ணீருக்குள்ளிருந்தபடி.

"நான்தானே ஷிகே, உன் புருஷன்..."

"உட்காருங்கள் அங்கே!"

அவன் உட்கார்ந்தான். குரங்குத் தலைவி அவன் தலையில் வாளியைக் கவிழ்த்தாள்.

அன்றிலிருந்துதான், பனிக்காலத்தில் கடலைப் பார்க்க அந்தக் கரைக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், ஊருக்கே பெரியவராக இருந்தாலும், குட்டி முக்காலியில் குந்தி, வாளி நீரை ஊற்றி, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்ட பிறகே வெந்நீர்க் குளத்தில் இறங்குகிறார்கள்.