வண்டிக்குக் குளிருதா?

"வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க அம்மிணி. ஆனா காலையில மட்டும் உசிர் வர மாட்டேங்குது" என்றார் சென்னியப்பன்.

குமுதினி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"வண்டிக்குக் குளிருதா?"

சென்னியப்பன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், கையுறை. டிசம்பர் மாதத்தில், உதகை மலைமேல் இருக்கும் தலைகுந்தாவில் இதென்ன கேள்வி?

"ஊருக்கே குளிருதுங்க."

"ஊரைக் கேக்கலைங்கண்ணா. வண்டியைக் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தைந்து. கோபிச்செட்டிபாளையத்தில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார். வண்டிக்காரர் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள், "அது பேட்டரிங்க" என்றோ "அது பிளக்குங்க" என்றோ முடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பிறகு, கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வந்தன. அவற்றின் சத்தம் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வேறு ஷெட்டுக்குப் போனார்கள்.

அதனால்தான் மலையேறி வந்தார். இந்த ஷெட்டை நடத்தும் குமுதினிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்து இரண்டு மாதம் ஆகிறது.

காலையில் உயிர் வராத அந்தக் கார் ராஜரத்தினத்துடையது. அவர் தேயிலை ஆலையில் எடை போடுகிறவர். மனைவி ரூபவதிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கோயம்புத்தூரில் அவளுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க, இங்கே ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். அவர்கள் ஊருக்கு முதல் பேருந்து ஏழரைக்குத்தான். சுற்றுலாக் கூட்டத்தில் வாடகை வண்டியும் கிடைக்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை கார் கிளம்பவில்லை. ரூபவதியின் முகமும் காலும் வீங்கிவிட்டன. வெள்ளிக்கிழமையும் போகாவிட்டால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று புதன்.

போன வாரமே ராஜரத்தினம் ஷெட்டுக்கு வந்திருந்தார். "காலையில வண்டி..." என்று அவர் ஆரம்பித்ததுமே, "பேட்டரிங்க" என்று சென்னியப்பன் சொல்லிவிட்டார். புது பேட்டரி போட்டார்கள். இப்போது பிளக்கைக் கழற்றித் துடைத்தாயிற்று. செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் பூட்டியாயிற்று. பெட்ரோல் பம்பும் சரியாக இருந்தது. காரின் கம்ப்யூட்டர் சொல்வதைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். எஞ்சின் சூடு எண்பத்து நான்கு டிகிரி என்றது. நன்றாக ஓடும் எஞ்சினுக்கு அதுதான் சரியான சூடு என்று குமுதினியே அவருக்குப் பாடம் சொல்லியிருந்தாள். அதற்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

ஷெட்டில் வைத்துச் சாவியைத் திருப்பினால், ஒரே திருப்பில் கார் கிளம்பியது. மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் கிளம்பியது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வண்டிக்குக் குளிருதா? அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும்?

சாயங்காலம் வரை யோசித்தார். யோசித்து, தன்னுடைய கம்பளியை எடுத்து வந்து பானெட்டின் மேல் போர்த்தினார். ஷெட்டின் நடுவில் தகர டின்னில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. கீழ்நாட்டுக்காரரான சென்னியப்பனுக்கு அதை விட்டு நகர்ந்தால் விரல் மரத்துப்போகும். எந்த வண்டியானாலும் கணப்புக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துத்தான் வேலை பார்ப்பார். இந்தக் காரை இன்னும் ஒரு முழம் நெருக்கித் தள்ளினார்.

சாவியைத் திருப்பினார். கிளம்பியது.

"குளிர் உட்டுப்போச்சுங்க அம்மிணி."

குமுதினி வந்து பார்த்தாள்.

"மப்ளர் கட்டி விடலையா?"

சொல்லிவிட்டு, கம்பளியை எடுத்து மடித்துக் காரின் பின்சீட்டில் வைத்தாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் கணப்பில் ஊற்றினாள்.

புகை ஷெட்டை நிறைத்தது. சென்னியப்பன் இருமினார்.

"சரியானதை எதுக்குங்க கெடுக்கறீங்க?"

"சரியாகலைங்கண்ணா. சூடாச்சு."

காரை வெளியே தள்ளிக் கேரட் தோட்டத்து வேலியோரம் நிறுத்தச் சொன்னாள். காலை ஆறு மணி வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றாள்.

அந்த நேரத்தில் ராஜரத்தினம் வந்து நின்றார். வண்டிக்கு என்ன கோளாறு என்று குமுதினியைக் கேட்டார்.

"தெரியலை" என்றாள் அவள்.

ராஜரத்தினத்தின் முகம் வாடிவிட்டது. சென்னியப்பனுக்கோ தானே மாட்டிக்கொண்டது போல வெட்கமாக இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் அந்தச் சொல்லை அவர் சொன்னதே கிடையாது.

*

வியாழக்கிழமை காலை ஆறு மணி.

புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி. காரின் கண்ணாடி வெள்ளைத் தகடாக இருந்தது. ராஜரத்தினமும் வந்திருந்தார்.

சென்னியப்பன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, இருமியது, நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி அதேதான்.

"பேட்டரி நல்லா சுத்துதுங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

குமுதினி ஸ்கேனரைச் செருகி அவரிடம் நீட்டினாள்.

"எஞ்சின் சூடு என்ன சொல்லுது?"

"எம்பத்தி நாலு டிகிரி. அது சரியா இருக்குதுங்க." ஒன்றாவது சரியாக இருக்கிறதே என்ற நிம்மதி அவருக்கு.

குமுதினி அவருடைய வலக்கைக் கையுறையை உருவினாள். அந்தக் கையைப் பிடித்து எஞ்சினின் மேல் வைத்தாள்.

அவர் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுட்டுதா?"

சென்னியப்பன் கையைப் பார்த்தார். ஸ்கேனரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"வண்டிக்குக் குளிருதா?" என்று குமுதினி கேட்டாள்.

சென்னியப்பன் ஸ்கேனரைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க. அதுக்குக் குளிரவே இல்லை. சூடா இருக்கறதா நெனச்சுட்டு இருக்குது."

எஞ்சினின் பக்கவாட்டில், கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் உண்டு. எஞ்சின் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். சூடான எஞ்சினுக்குக் கொஞ்சம் போதும். இந்தச் சென்சார் வெயிலிலும் பனியிலும் அதே எண்பத்து நான்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அதை நம்பி, உறைந்து கிடந்த எஞ்சினுக்கு ஒரு மடக்குதான் கொடுத்தது.

"நேத்தும் இதே எம்பத்தி நாலுதானுங்க. பாத்தேன். சரின்னு டிக் போட்டேன்" என்றார் சென்னியப்பன் மெதுவாக.

"அந்த சென்சார் வயரைக் கழட்டுங்க."

"கழட்டினா அதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே?"

"தெரியாதுதான்."

கழற்றினார்.

"சாவியைப் போடுங்க."

போட்டார். எஞ்சின் ஒருமுறை குலுங்கிப் பிடித்துக்கொண்டது. கூடவே ரேடியேட்டர் விசிறியும், அந்தப் பனியில் யாரும் கேட்காமலே, முழு வேகத்தில் சுற்றத் தொடங்கியது. ராஜரத்தினம் காரின் மேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

சென்னியப்பன் விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"தப்பாச் சொன்னப்பக் கெளம்பலை. ஒண்ணுமே சொல்லாதப்ப எப்படிங்க கெளம்புது?"

"தெரியலைன்னா, குளிராத்தான் இருக்கும்னு வச்சுக்கிட்டு கொஞ்சம் தாராளமாக் குடிக்கும். ஒருவேளை சூடா இருந்துட்டா என்ன பண்றதுன்னு விசிறியையும் சுத்த விட்டுரும்" என்றாள் குமுதினி.

அவர் கழற்றிப் போட்ட வயரைக் குனிந்து பார்த்தார்.

அன்று பகலிலேயே உதகையிலிருந்து புது சென்சார் வாங்கி வந்து மாட்டினார்கள். சாயங்காலம் ராஜரத்தினம் காரை வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

*

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே சென்னியப்பன் ஷெட்டு வாசலில் நின்றிருந்தார். ராஜரத்தினத்தின் கார் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து மணிக்குச் சாலை சும்மா கிடந்தது. ஐந்தேகாலுக்கும் சும்மாதான் கிடந்தது.

ஐந்தரைக்கு வளைவில் விளக்கு தெரிந்தது.

ராஜரத்தினம் காரை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"ஒரே திருப்புல கெளம்பிருச்சு" என்றார். ரூபவதியால் சீக்கிரம் படியிறங்க முடியவில்லை, அதுதான் தாமதம் என்றார்.

பின்சீட்டில் ரூபவதி கழுத்து வரை ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். வண்டியிலேயே கிடந்தது, யாருடையதோ தெரியவில்லை, நல்ல கதகதப்பு என்றாள்.

சென்னியப்பன் அது யாருடையது என்று சொல்லவில்லை. நேரமாகிறது, கிளம்புங்கள் என்றார்.

காரின் சிவப்பு விளக்குகள் பள்ளத்தில் இறங்கி மறைந்தன.

வெளிச்சம் வந்தபோது ஒரு காய்கறி ஜீப் ஷெட்டு முன்னால் வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார்.

"அண்ணே, ரெண்டு நாளா ஏத்தத்துல வண்டி..."

"அது கிளட்..."

சென்னியப்பன் பாதியிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே குமுதினி டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அணைந்து கிடந்த தகர டின்னில் விறகை அடுக்கத் தொடங்கினாள்.

சென்னியப்பன் இரண்டு கையுறைகளையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"தெரியலைங்க" என்றார். "நீங்க சொல்லுங்க."